அன்று முகத்துவாரத்தில் அலை எவ்வளவு இருந்தது?

படகு கவிழ்ந்த பிறகோ, அலைத்தடுப்புச் சுவர் கட்டத் திட்டமிடும்போதோ இந்தக் கேள்வி எங்களைப் போன்ற கடலோரப் பொறியாளர்களிடம் வருகிறது. பெரும்பாலான முகத்துவாரங்களில் அலையை அளக்கும் கருவி இருப்பதில்லை என்பதால், பழைய காற்றுப் பதிவுகளைக் கொண்டு கணினி மாதிரி வழியே அன்றைய அலையைக் கணக்கிட்டு மீட்கிறோம். ஐரோப்பிய வானிலை மையம் கடந்தகால வானிலையைக் கணித்து மீட்டுத் தந்துள்ள ஈஆர்ஏ5 (ERA5) தொகுப்பில் 1940 முதல் மணிவாரியாக அலைத் தரவு இலவசமாகவே கிடைக்கிறது. இவ்வளவு எளிதாகக் கிடைப்பதாலேயே, அதிலுள்ள எண்ணை அப்படியே எடுத்து முகத்துவாரத்து அலை என்று எழுதிவிடும் அறிக்கைகள் பெருகியிருப்பது எனக்குக் கவலையளிக்கிறது.

அந்த எண் பல பத்து கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த கட்டங்களில் ஒன்றுக்கு உரியது; பெரும்பாலும் ஆழ்கடலைக் குறிப்பது. மேலும், அத்தொகுப்பு தரும் 'குறிப்பிடத்தக்க அலை உயரம்' என்பது உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி மட்டுமே. தனி அலை ஒன்று அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு எழக்கூடும். திசையிலும் கவனம் தேவை. உள்ளூர்க் காற்றலை ஒரு பக்கமிருந்தும் தொலைதூரப் புயலின் நெடிய அலை வேறொரு பக்கமிருந்தும் வந்தால், தரவு காட்டும் சராசரித் திசையிலிருந்து அலையே வந்திராது. இரண்டையும் பிரித்துத்தான் கரைக்குக் கொண்டுவர வேண்டும்.

10 வினாடி இடைவெளியில் வரும் அலையின் நீளம் ஆழ்கடலில் 156 மீட்டர். ஆழம் அதில் பாதியாக, அதாவது 78 மீட்டராகக் குறைந்ததுமே அடித்தரை அதைத் திருப்பவும் வேகத்தைக் குறைக்கவும் தொடங்குகிறது. இந்த மாற்றங்களைக் கணக்கிட ஸ்வான் போன்ற கரையோர மாதிரிகள் இருக்கின்றன. ஆனால் முகத்துவாரத்தின் விடையைத் தீர்மானிப்பது வாயில் கிடக்கும் மணல் திட்டுதான். அலை தோராயமாக ஆழத்தின் 0.78 மடங்கு உயரத்தை எட்டும்போது உடைகிறது. திட்டின் மேல் 3 மீட்டர் நீர் நிற்கும்போது 1.8 மீட்டர் அலை உடையாமல் கடந்துவிடும். நீர் வற்றி 2 மீட்டராகும்போது அதே உயர அலை அங்கேயே உடைந்து விழும். அந்த வேளையில் உள்ளிருந்து வெளியேறும் நீரோட்டம் எதிர்ப்பட்டால் அலை குறுகி, செங்குத்தாகி, இன்னும் உயர்கிறது. காலையில் எளிதாகக் கடந்த வாய் மாலையில் ஆளைக் கொல்லும் இடமாக மாறுவது இதனால்தான். ஓதத்தையும் (கடல்மட்ட ஏற்ற இறக்கத்தையும்) நீரோட்டத்தையும் சேர்க்காத கணக்கை இங்கே நான் ஏற்பதில்லை.

ஆழ்கடல் அலையைச் செயற்கைக்கோள் அளவீடுகளோடும் அருகிலுள்ள மிதவைகளின் பதிவுகளோடும் ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். குறிப்பாகப் புயல் உச்சங்களை இத்தகைய தொகுப்புகள் குறைத்துக் காட்டக்கூடும் என்பதால் அது அவசியம். திட்டின் ஆழத்துக்கு அத்தகைய துணை அரிது. ஒரே புயலில் திட்டு இடம் மாறிவிடும். ஆகவே உங்களிடம் அறிக்கை வந்தால், அடித்தரை ஆழம் எந்தத் தேதியில் அளக்கப்பட்டது என்பதை முதலில் பாருங்கள். அது சம்பவத்துக்குப் பல மாதங்கள் முந்தையதாக இருந்தால், திட்டின் ஆழத்தைக் கூட்டியும் குறைத்தும் மாதிரியை மீண்டும் ஓட்டி, ஒற்றை எண்ணுக்குப் பதிலாக மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் தரும்படி எழுத்துமூலம் கேளுங்கள்.