கடை சேர்ந்த காளையும் பதினெட்டாகப் போகும் பையனும்

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்கு அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஒரு மயிலைக் காளையின் கீழ் உதட்டை விரலால் தள்ளி ஒரு நொடி பார்த்துவிட்டு, "நாலு பல்லுங்க" என்றார் வியாபாரி. மாட்டுக்கு முன்வாயில் கீழே மட்டும்தான் பல், மொத்தம் எட்டு. பால் பற்கள் இரண்டிரண்டாக விழுந்து பெரிய பற்கள் முளைக்கும். முதல் ஜோடி ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வயதில். நாலாவது ஜோடியும் வந்துவிட்டால் கடை சேர்ந்துவிட்டது என்பார்கள். அப்போது வயது ஐந்தை ஒட்டியிருக்கும். உழவுக்கும் வண்டிக்கும் அதுதான் முழு மாடு.

"மாமா, எனக்கும் பல்லப் பார்த்தே சொல்லிரலாமுங்களா?" என்றான் பையன். பதினெட்டு முடிய இன்னும் மூன்று மாதம். பைக் கேட்டு வீட்டில் தினமும் பஞ்சாயத்து.

பல்லைப் பார்த்துச் சொல்ல முடியாது. நம் கடைசிப் பல்லான ஞானப்பல் பதினேழிலும் வரும், இருபத்தைந்திலும் வரும், சிலருக்கு வராமலே போகும். மனித உடம்பு ஒரே நாளில் கடை சேருவதில்லை. ஒவ்வொரு உறுப்பும் அதனதன் நேரத்துக்குத்தான் முதிர்கிறது.

முதலில் பூப்பு. நம் ஊரில் பெண் பெரியவளானால் தாய்மாமன் சீர் கொண்டுவர, பச்சை ஓலைக் குடிசை கட்டி, தெரட்டிச் சீர் செய்கிறோம். அது ஒரு தொடக்கம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உடம்பின் கணக்கில் அது ஏறக்குறைய கடைசிக் கட்டம். மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி இருக்கிறது. அது ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஹார்மோனைச் சொட்டுச் சொட்டாக விடத் தொடங்குவதுதான் உண்மையான தொடக்கம். இதில் ஒரு வேடிக்கை, பிறந்த முதல் சில மாதங்களிலேயே இந்த ஏற்பாடு ஒருமுறை ஓடிவிட்டு நின்றுவிடுகிறது. பல வருடம் பிரேக் போட்டு வைத்திருந்ததை மூளை மறுபடி எடுத்துவிடுகிறது, அவ்வளவுதான். எடுத்துவிடுவதில் கிஸ்பெப்டின் என்ற புரதத்துக்கு முக்கியப் பங்கு உண்டு என்பது 2003இல் தெரியவந்தது. அதன் மரபணுவை 1996இல் கண்டுபிடித்தவர்கள் இருந்த ஊர் அமெரிக்காவின் ஹெர்ஷி. அங்கே தயாராகும் 'கிஸ்ஸஸ்' மிட்டாயின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள்.

இந்தச் சொட்டு தொடங்கி, மார்பு வளர ஆரம்பித்து, இரண்டு இரண்டரை வருடம் கழித்துத்தான் முதல் மாதவிடாய் வருகிறது. அதற்குள் பெண் வேகமாக நெடுநெடுவென வளரும் காலமும் முடிந்திருக்கும். "பெரியவளாயிட்டா அப்புறம் அவ்வளவா வளர மாட்டா" என்று பாட்டிமார் சொல்வது சரியான கவனிப்பு. சீருக்குப் பிறகு பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர்தான் மிச்சம். பையன்களுக்கு அந்த வேக வளர்ச்சி ஏறக்குறைய இரண்டு வருடம் தாமதம். எட்டாம் வகுப்பு குரூப் போட்டோவில் பெண்கள் எல்லாம் உயரமாக நிற்பது இதனால்தான்.

வளர்ச்சி நிற்பது எலும்பில். நீளமான எலும்புகளின் முனைக்கருகே குருத்தெலும்பால் ஆன ஒரு மெல்லிய தட்டு இருக்கும். எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளையாகத் தெரியும், இந்தத் தட்டு கறுப்புக் கோடாகத் தெரியும். கோடு இருக்கும்வரை வளர்ச்சி உண்டு. அதை மூடுவது ஆணிலும் சரி பெண்ணிலும் சரி, ஈஸ்ட்ரோஜன்தான். 1994இல் ஓர் ஆளைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். வயது 28, உயரம் 204 சென்டிமீட்டர், இன்னும் வளர்ந்துகொண்டே இருந்தார். ஆண் ஹார்மோன் அவருக்குக் குறைவில்லை. ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் மரபணுவில்தான் கோளாறு. அவருடைய எலும்பின் வயது பதினைந்துதான்!

அப்படியானால் எக்ஸ்ரே எடுத்தே வயதைச் சொல்லிவிடலாமா? கிட்டத்தட்ட. விளையாட்டுத் தேர்வுகளில் மணிக்கட்டைப் படம் எடுத்துப் பார்ப்பது அதனால்தான். ஆனால் பலரும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழைய படத்தொகுப்பு, அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வசதியான வீட்டுக் குழந்தைகளை வைத்து 1950க்கு முன் தயாரானது. பெருந்துறைப் பையனின் மணிக்கட்டை அதோடு ஒப்பிட்டால் ஓரிரு வருடம் முன்னே பின்னே வரலாம். இதில் இன்னொன்று, மணிக்கட்டு மூடிய பிறகும் கழுத்துக்குக் கீழே இருக்கும் காறை எலும்பின் உள்முனை இருபதுகளின் நடுவிலும்கூட முழுதாக ஒட்டியிருக்காது.

எலும்புக்கே இந்தப் பாடு என்றால் மூளை? 1999இல் அமெரிக்க மூளை ஆய்வாளர் ஜே கீட் குழுவினர், ஒரே பிள்ளைகளைச் சில வருட இடைவெளியில் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பூப்பை ஒட்டிய வயதுவரை மூளையின் முன்பகுதியில் சாம்பல் பொருள், அதாவது நரம்புச் செல்கள் நிறைந்த பகுதி, கூடி, பிறகு குறைய ஆரம்பிப்பது அதில் தெரிந்தது. குறைவது நஷ்டமல்ல. முருங்கைக்குக் கவாத்து செய்வோமே, அதுபோலப் பயன்படாத இணைப்புகளை மூளை வெட்டி எறிகிறது. இருக்கும் நரம்பிழைகளுக்கு மயலின் என்ற கொழுப்புறை ஏறுகிறது. கோவையில் பம்ப் மோட்டார் வைண்டிங் பார்த்தவர்களுக்குக் கம்பிக்குக் காப்பு எதற்கு என்று தெரியும். நரம்பில் காப்பு, ஓட்டத்தின் வேகத்தையும் கூட்டிவிடுகிறது. உறையில்லாத இழையில் செய்தி நொடிக்கு ஒரு மீட்டர் போனால், தடித்த உறை போட்டதில் நூறு மீட்டர்கூடப் போகும். இந்த உறை நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதிக்குத்தான் கடைசியாக ஏறுகிறது. நிதானிப்பது, பின்விளைவை யோசிப்பது எல்லாம் அந்த இடத்து வேலை.

"மூளை 25 வயதில் முழுமையாகிறது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பவேண்டாம். அந்த எண்ணுக்கு அப்படி ஒரு மகிமையும் இல்லை. 2022இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்துப் பார்த்தபோது, அந்த உறை போட்ட இழைகளாலான வெண்பொருள் உச்சத்தைத் தொட்டது 29 வயதை ஒட்டி.

இப்போது பைக். பையனின் வாதம், "எனக்கு எல்லாம் தெரியுமுங்க மாமா." உண்மைதான், தெரியும். இந்தியா உட்பட 11 நாடுகளில் 5,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வில், அவசரமில்லாமல் உட்கார்ந்து யோசிக்கும் திறன் பதினாறு வயதை ஒட்டியே பெரியவர்கள் அளவுக்கு வந்துவிடுகிறது. தன்னை அடக்கிக்கொள்ளும் திறன்தான் பதினெட்டைத் தாண்டியும் வளர்ந்துகொண்டே போகிறது. 2005இல் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு கார் ஓட்டும் விளையாட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். தனியாக ஆடும்போது விடலைப் பிள்ளைகள் பெரியவர்களைவிட அவ்வளவு மோசமில்லை. பக்கத்தில் நண்பர்கள் உட்கார்ந்ததும் துணிச்சல் எகிறியது. 24 வயதைக் கடந்தவர்களுக்கு யார் பக்கத்தில் இருந்தாலும் பெரிதாக மாறவில்லை. பைக்கைப் பற்றி எனக்குப் பயம் கிடையாது. பின்னால் ஏறும் இரண்டு பேரைப் பற்றித்தான்.

சட்டம்கூட ஒரே வயதில் நிற்கவில்லை. 1875இலிருந்தே பதினெட்டில் மேஜர். ஓட்டுரிமை 1989வரை 21தான். கல்யாணத்துக்குப் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. கியர் வண்டிக்குப் பதினெட்டு. அதற்கு முன்னால் சாவியைக் கொடுத்தால் அப்பாவுக்கு ₹25,000 அபராதம், சிறைகூட உண்டு. இது மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம். நம் ஊர்க் கல்யாணத்தை நடத்திவைக்கும் அருமைக்காரருக்கோ கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, அதற்கென்று தனிச் சீரும் நடந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கில் நானே இன்னும் சின்னப் பையன்.

எனக்குப் பிடித்த அளவுகோல் தூக்கம். பூப்பு தொடங்கியதும் உடம்பின் கடிகாரம் பின்னுக்குப் போகிறது. இரவில் தூக்கம் வரச் செய்யும் மெலடோனின் தாமதமாகச் சுரக்கிறது. பையன் பதினொன்றரைக்கு முழித்திருப்பதற்குக் காரணம் செல்போன் மட்டும் அல்ல. நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில் இரண்டு வருடம் இருந்தான். நாலரைக்கு மணி அடித்துப் படிக்க உட்கார வைப்பார்கள். அவனுடைய உடம்புக்கு அது நடுச்சாமம். புத்தகத்தின் மேல் கவிழ்ந்து தூங்கியதற்கு முட்டி போட்டு நின்றிருக்கிறான். இதைச் சோம்பல் என்று நானும் அப்போது சொன்னேன், தப்பு.

மியூனிக்கில் டில் ரோனபெர்க் குழுவினர் ஏறக்குறைய 25,000 பேரின் தூக்க நேரத்தைத் தொகுத்து 2004இல் ஒரு கோடு வரைந்தார்கள். தாமதமாகத் தூங்குவது வருடா வருடம் கூடிக்கொண்டே போய், ஒரு வயதில் சட்டென்று திரும்புகிறது. பெண்களுக்கு 19.5, ஆண்களுக்கு 20.9. விடலைப் பருவம் முடிவதற்கு உடம்பே காட்டும் அடையாளமாக இதை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

அக்காவிடம் கணக்கைச் சொன்னேன். இன்னும் மூன்று வருடம் போல ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவைத் தட்ட வேண்டியிருக்கும் என்று. "நீயி இருபத்தி மூணு வரைக்கும் பத்து மணிக்குத்தான் எந்திரிச்ச" என்றாள்.