அக்கா குழந்தையைத் தத்தெடுத்து வெளிநாட்டுக்குக் கூட்டிப் போக முடியுமா?

"பத்திரம் எல்லாம் பதிவு பண்ணியாச்சு மேடம், விசா மட்டும்தான் பாக்கி." வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் தத்தெடுப்பு பற்றி வழக்கறிஞரான என்னிடம் பேசும்போது பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். கேட்டதுமே எனக்குப் புரிந்துவிடும், பாக்கி இருப்பது விசா மட்டுமல்ல, ஏறக்குறைய எல்லாமே என்று.

கதை எப்போதும் ஒரே சாயலில்தான் இருக்கும். கல்யாணமாகிப் பத்துப் பன்னிரண்டு வருடம், வேலை டெக்சாஸிலோ நியூ ஜெர்சியிலோ, செய்யாத சிகிச்சை இல்லை. ஊரில் அக்காவுக்கோ தங்கைக்கோ மூன்றாவதாக ஒரு குழந்தை பிறக்கிறது. பாட்டி முன்னின்று பேசி முடித்து, நல்ல நாள் பார்த்து, குழந்தையை மடி மாற்றி, நான்கு பேர் சாட்சியாக போட்டோவும் எடுத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் தத்துப் பத்திரத்தைப் பதிவு செய்துவிடுகிறார்கள். 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுத்தல் மற்றும் பராமரிப்புச் சட்டப்படி முறையாகச் செய்திருந்தால் அந்தத் தத்து செல்லும், அதில் சந்தேகம் வேண்டாம். சொத்துரிமை முதல் பள்ளிச் சேர்க்கை வரை இந்தியாவுக்குள் அது பேசும். ஆனால் விமான நிலையத்தைத் தாண்ட அது மட்டும் போதாது.

காரணம் எளிமையானது. ஒரு குழந்தை நாடு விட்டு நாடு தத்துப் போகும்போது இரண்டு அரசாங்கங்களும் சரி என்று சொல்ல வேண்டும், அதுவும் முன்கூட்டியே. 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை இதற்குத்தான் வந்தது, இந்தியா 2003இல் அதை ஏற்றுக்கொண்டது. அதன்படி நீங்கள் வசிக்கும் நாட்டின் அரசு உங்களை விசாரித்து, இவர்கள் தத்தெடுக்கத் தகுதியானவர்கள், குழந்தை இங்கே வந்து நிரந்தரமாக வாழலாம் என்று எழுதித் தர வேண்டும். இந்தியத் தரப்பில் டெல்லியில் இருக்கும் மத்திய தத்தெடுப்பு வள ஆணையம், நாங்கள் சுருக்கமாக 'காரா' என்போம், அதைப் பார்த்துத் தடையின்மைச் சான்று தர வேண்டும். முதலில் சரிபார்க்கப்படுவது பெற்றோர், குழந்தை அப்புறம். நம் ஆட்கள் செய்வது நேர் தலைகீழ்: குழந்தையை முடிவு செய்து, பத்திரத்தையும் முடித்துவிட்டு, கடைசியில்தான் தாங்கள் வசிக்கும் நாட்டின் சட்டத்தைப் படிக்கிறார்கள்.

அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம், எனக்கு அதிகம் வருவது அங்கிருந்துதான். நீங்கள் அமெரிக்கக் குடியுரிமை பெற்று அங்கேயே வசிப்பவர் என்றால், ஐ-800ஏ என்ற படிவத்தில் உங்கள் தகுதிக்கு முதலில் ஒப்புதல் வாங்க வேண்டும். பிறகு குறிப்பிட்ட குழந்தைக்காக ஐ-800 படிவம். அதற்குத் தற்காலிக ஒப்புதல் வந்த பிறகுதான் இந்தியாவில் தத்து ஆணை பெற வேண்டும். வரிசை மாறினால் சிக்கல். குழந்தைக்கு 16 வயது ஆவதற்குள் விண்ணப்பித்திருக்கவும் வேண்டும். கிரீன் கார்டு (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் படிவங்களே கிடையாது, எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவர்களுக்கும் இல்லை. அவர்கள் விஷயத்தில் தத்தெடுத்த குழந்தையை அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் 'பிள்ளை' என்று ஏற்க, பொதுவாக இரண்டு ஆண்டு சட்டப்படியான பொறுப்பில் வைத்திருந்ததும், இரண்டு ஆண்டு சேர்ந்து வாழ்ந்ததும் நிரூபிக்கப்பட வேண்டும். விசா இல்லாமல் குழந்தை அங்கே போக முடியாது, அதனால் பெற்றோரில் ஒருவராவது வேலையை விட்டுவிட்டுத் திருநெல்வேலியிலோ ஈரோட்டிலோ வந்து உட்கார வேண்டிவரும். கிரீன் கார்டுக்காரர் அத்தனை காலம் வெளியே இருந்தால் அந்த கார்டுக்கே ஆபத்து. இதைச் சொன்னதும் போனில் கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது.

பிரிட்டன் இன்னும் கறார். அங்கே வசிப்பவர் உரிய மதிப்பீடும் தகுதிச் சான்றும் இல்லாமல் தத்தெடுக்கும் நோக்கில் வெளிநாட்டிலிருந்து குழந்தையை அழைத்து வருவதே தண்டனைக்குரிய குற்றம். சிங்கப்பூர், மலேசியா, அமீரகம், சவுதி எல்லாம் ஹேக் உடன்படிக்கையிலேயே இல்லை. அங்கே இருப்பவர் இந்தியக் குடிமகனாக இருந்தால் இந்தியத் தூதரகம் வழியாக விண்ணப்பிக்க வழி உண்டு. பாஸ்போர்ட்டை மாற்றிக்கொண்டு ஓ.சி.ஐ. அட்டையில் (வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருப்பவருக்கு அந்தக் கதவு திறக்காது.

சரி, சொந்தக்காரர் குழந்தை என்றால் சலுகை இல்லையா? உண்டு. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 60ஆவது பிரிவு இதற்காகவே இருக்கிறது. ஆனால் 'உறவினர்' என்று அந்தச் சட்டம் ஏற்பது யாரை என்று பாருங்கள்: குழந்தையின் அப்பா வழியிலும் அம்மா வழியிலும் பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா, சித்தி, அப்புறம் இருபக்கத் தாத்தா பாட்டி. அவ்வளவுதான். நம் வீடுகளில் அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பியும் சித்தப்பாதான், ஒரு வேறுபாடும் பார்க்க மாட்டோம். சட்டம் பார்க்கும். ஒன்றுவிட்ட அண்ணன் மகளை இந்த வழியில் கேட்டு வருபவர்களை நான் திருப்பித்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது.

உறவினர் தத்துக்கு ஆணை தருபவர் இப்போது மாவட்ட ஆட்சியர். 2022 செப்டம்பர் வரை நீதிமன்றம்தான் தந்தது, சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கலெக்டருக்கு மாறிவிட்டது. பழைய தகவலை வைத்துக்கொண்டு இன்னும் குடும்ப நீதிமன்ற வாசலில் நிற்பவர்கள் உண்டு. ஆட்சியர் ஆணை தருவதற்கு முன் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து பெற்றவர்கள் வீட்டுக்கு விசாரணைக்கு வருவார்கள். இதைப் பலரும் 'ஒரு ஃபார்மாலிட்டி' என்று நினைக்கிறார்கள்.

அப்படி ஒரு விசாரணையை நான் பக்கத்தில் இருந்தே பார்த்தேன். கூடத்தில் மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லோரும் உட்கார்ந்து அலுவலருக்கு மாறி மாறிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள், குழந்தையைப் பெற்றவள் மட்டும் காபி டம்ளர்களை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். அலுவலர் எல்லோரையும் வாசல் திண்ணைக்கு அனுப்பிவிட்டு அவளிடம் தனியாக மூன்று கேள்விகள்தான் கேட்டார். நீங்களாகவா கொடுக்கிறீர்கள், பணம் ஏதாவது கை மாறியதா, குழந்தை போன பிறகு இது உங்கள் குழந்தை இல்லை என்று சட்டம் சொல்லும், தெரியுமா. மூன்றாவது கேள்விக்கு அவள், "வருஷா வருஷம் லீவுக்கு வருவான்னு சொன்னாங்களே, அப்ப என்கூடத்தானே இருப்பான்?" என்றாள். தத்து என்றால் என்ன என்று அந்த வீட்டில் யாருமே அவளிடம் சொல்லவில்லை. அந்தத் தத்து நடக்கவில்லை. எடுக்க வந்த தம்பதி என் கட்சிக்காரர்கள்தான், இருந்தாலும் நடக்காததுதான் நியாயம்.

(இதே 60ஆவது பிரிவில் எனக்குப் பிடித்த ஒரு வரி இருக்கிறது: தத்தெடுத்தவர்கள் அந்தக் குழந்தை தன் உடன்பிறந்தவர்களோடும் பெற்றவர்களோடும் அவ்வப்போது தொடர்பில் இருக்க வகை செய்ய வேண்டும். இதை மட்டும் முன்பே விளக்கியிருந்தாலும் பல அம்மாக்களுக்குப் பாதி பாரம் குறையும்.)

இந்துச் சட்டப்படிப் பத்திரம் போட்டவர்களுக்கும் 2021 செப்டம்பர் முதல் முறைப்படி ஒரு வழி இருக்கிறது. மாவட்ட நிர்வாகம் அந்தத் தத்தைச் சரிபார்த்து அறிக்கை தர வேண்டும், அது காராவுக்குப் போகும், நீங்கள் வசிக்கும் நாட்டின் ஒப்புதல் இல்லாமல் அங்கிருந்து தடையின்மைச் சான்று வராது. அந்தச் சட்டத்துக்கென்று தனி நிபந்தனைகளும் உண்டு: ஏற்கெனவே மகன் இருப்பவர் ஆண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது, மகள் இருப்பவர் பெண் குழந்தையை முடியாது, குழந்தை 15 வயதுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும், ஓர் ஆண், பெண் குழந்தையைத் தத்தெடுத்தால் இருவருக்கும் 21 வயது வித்தியாசம் வேண்டும், ஒரு பெண், ஆண் குழந்தையைத் தத்தெடுத்தாலும் அப்படியே. கிறிஸ்தவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது, அவர்களுக்கு இளைஞர் நீதிச் சட்டம்தான் வழி.

உறவு எதுவும் இல்லாத, குழந்தைகள் இல்லத்தில் இருக்கும் குழந்தையைத் தத்தெடுக்க நினைப்பவர்களுக்கு விதிகள் இன்னும் தெளிவு. நேராக இல்லத்துக்குப் போய்க் குழந்தையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது. உங்கள் நாட்டில் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் வழியாகக் காராவின் இணையதளத்தில் பதிய வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கு உள்ளூர்க்காரர்களுக்குச் சமமான முன்னுரிமை. ஓ.சி.ஐ. அட்டைக்காரர்களும் வெளிநாட்டவரும் அதற்கப்புறம்தான்: சட்டப்படி தத்துக்குத் தயார் என்று அறிவிக்கப்பட்ட குழந்தைக்கு 60 நாட்களுக்குள் இந்தியர் யாரும் அமையவில்லை என்றால்தான் வெளிநாட்டுக்கு வழி திறக்கும். மாற்றுத்திறன் உள்ள குழந்தைகள், உடன்பிறந்தவர்கள், ஐந்து வயது தாண்டியவர்கள் விஷயத்தில் வெளிநாட்டுத் தத்துக்கு முன்னுரிமை கிடைக்கலாம். ஆரோக்கியமான பச்சைக் குழந்தைதான் வேண்டும் என்று ஓ.சி.ஐ. அட்டையோடு வருபவர்களிடம் நான் நம்பிக்கை கொடுப்பதில்லை.

வயதுக் கணக்கும் பார்ப்பார்கள். இரண்டு வயது வரையிலான குழந்தைக்குத் தம்பதியின் வயதைக் கூட்டினால் 85ஐத் தாண்டக் கூடாது, தனியாகத் தத்தெடுப்பவருக்கு 40. குழந்தையின் வயது கூடக்கூட இந்த வரம்பும் ஏறும். மணமாகி இரண்டு ஆண்டாவது நிலையான வாழ்க்கை வேண்டும். தனியாக வாழும் பெண் எந்தக் குழந்தையையும் தத்தெடுக்கலாம், தனி ஆணுக்குப் பெண் குழந்தையைத் தர மாட்டார்கள். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருந்தால் சிறப்புத் தேவை உள்ள குழந்தை அல்லது பெற்றோர் அமைவது கடினமான குழந்தை மட்டுமே. உறவினர் தத்துக்கு வயது வரம்பும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் தடையில்லை.

இனி குறுக்குவழிகள். "டூரிஸ்ட் விசாவில் கூட்டிப் போய் அங்கே கோர்ட்டில் தத்தெடுத்துக்கிறோம்" என்பது அடிக்கடி வரும் யோசனை. விசா அதிகாரியிடம் சுற்றிப் பார்க்க என்று சொல்லிவிட்டு நிரந்தரமாகத் தங்க வைப்பது பொய்த் தகவல், அது உங்கள் குடியேற்றக் கோப்பில் ஏறிவிடும். அங்குள்ள நீதிமன்றம் தத்து ஆணை கொடுத்தாலும் குழந்தைக்குக் குடியேற்ற உரிமை தானாக வந்துவிடாது. அதைவிட மோசம், பிரசவத்தின்போதே மருத்துவமனையில் தத்தெடுப்பவள் பெயரைக் கொடுத்து அந்தப் பெயரிலேயே பிறப்புச் சான்றிதழ் வாங்குவது. இது தத்தே இல்லை, மோசடி. தூதரகத்துக்குச் சந்தேகம் வந்து மரபணுப் பரிசோதனை கேட்டால் அன்றோடு முடிந்தது, பெற்றவள், வளர்ப்பவள், மருத்துவமனை எல்லோரும் மாட்டுவார்கள்.

செல்லுபடியாகும் ஆணை இல்லாமல் தத்துக்காகக் குழந்தையை வெளிநாட்டுக்குக் கொண்டு போனால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். குழந்தையை விலைக்கு வாங்கியதாகத் தெரிந்தால் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல், மருத்துவமனை ஊழியர் உடந்தை என்றால் அவருக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு. 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது 'பெற்றோரை இழந்த இரண்டு குழந்தைகள், தத்தெடுக்க விரும்புவோர் தொடர்புகொள்ளவும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்திகளை நம்பிப் பணம் அனுப்பத் தயாராக இருந்த நல்ல மனிதர்களை எனக்குத் தெரியும். அப்படி ஒரு குழந்தை உண்மையிலேயே இருந்தால் அழைக்க வேண்டியது 1098 என்ற குழந்தைகள் உதவி எண், அல்லது அந்த மாவட்டக் குழந்தைகள் நலக் குழு. கட்டணங்கள் விதிமுறையில் அச்சாகியிருக்கின்றன, ரசீது தராத பணம் எதுவும் கட்டணம் இல்லை.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கோபப்படுபவர்களிடம் நான் பழைய கதையைச் சொல்வதுண்டு. வெளிநாட்டுத் தத்து என்ற பெயரில் நடந்த முறைகேடுகள் பற்றி லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதமே பொதுநல வழக்காகி, 1984இல் தீர்ப்பானது. நம் தத்தெடுப்பு விதிகளுக்கெல்லாம் வேர் அதுதான். 1980களில் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன குழந்தைகள் பலர் இன்று பெற்றவளைத் தேடி வந்து, தங்கள் கோப்பில் இருப்பது பொய்ப் பெயர் என்று தெரிந்து திரும்புகிறார்கள். நெதர்லாந்து 2021இல் வெளிநாட்டுத் தத்தை நிறுத்தி வைத்ததற்கு இப்படிப்பட்ட கோப்புகள்தான் காரணம். சீனா 2024இல், உறவினர் குழந்தையையோ வாழ்க்கைத் துணையின் குழந்தையையோ தத்தெடுப்பவர் தவிர மற்ற வெளிநாட்டவருக்குக் கதவை மூடியது. கொரியாவிலிருந்து அமெரிக்காவுக்குத் தத்துப் போனவர்களில் சிலர், வளர்த்தவர்கள் குடியுரிமைத் தாள்களை முடிக்காமல் விட்டதால், நடுத்தர வயதில் நாடுகடத்தப்பட்டார்கள். தாள் வேலை என்று சலித்துக்கொண்டு நாம் முடிக்காமல் விடுவது குழந்தை வளர்ந்த பிறகுதான் அதன் தலையில் விடிகிறது.

ஏற்கெனவே பத்திரம் போட்டுவிட்டவர்களுக்கு ஒன்று. இந்துச் சட்டப்படிச் செல்லுபடியாகும் தத்தை ரத்து செய்ய முடியாது, 15ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அதாவது சட்டத்தின் கண்ணில் குழந்தை அக்காவுடையதும் இல்லை, ஒப்புதல்கள் வரும்வரை நீங்கள் இருக்கும் நாட்டுக்கு வரவும் முடியாது. இந்த நிலையில் புதுப் பத்திரம், திருத்தல் பத்திரம் என்று யாராவது சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள். பதிவான பத்திரத்தின் நகல், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், பெற்ற இருவரின் அடையாள ஆவணங்கள், உங்கள் விசா அல்லது குடியுரிமை விவரம், தத்து நடந்த அன்று எடுத்த போட்டோக்கள், இவற்றை எடுத்துக்கொண்டு முதலில் நீங்கள் வசிக்கும் நாட்டில் குடியேற்றமும் தத்தும் இரண்டும் தெரிந்த ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அந்த நாடு என்ன கேட்கிறது என்று எழுத்தில் கைக்கு வந்த பிறகு குழந்தை இருக்கும் மாவட்டத்தின் பாதுகாப்பு அலகில் மனு கொடுக்கலாம். இன்னும் பத்திரம் போடாதவர்கள், நல்ல நாள் பார்ப்பதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.