தேசத்துரோகம்: குறி தவறிய ஒரு சொல்

அரசைத் திட்டிப் பேசியவரைக் கைது செய்தால் மறுநாள் நாளிதழில் ‘தேசத்துரோக வழக்கு’ என்று தலைப்பு வரும். படித்தவுடன் படை ரகசியத்தை எதிரிக்கு விற்றவனின் முகம்தான் மனத்தில் எழும். நீண்ட காலம் இந்த வழக்குகள் பதிவான, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124-ஏ பிரிவோ தேசத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அது காத்தது அரசாங்கத்தை.

அந்தப் பிரிவின் ஆங்கிலப் பெயர் ‘செடிஷன்’. இலத்தீன் வேரில் ‘விலகிப் போதல்’ என்று பொருள். பின்னாளில் கலகம், கலகத்தைத் தூண்டும் பேச்சு என்று அது விரிந்தது. 1860இல் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இது இல்லை, 1870இல்தான் நுழைத்தார்கள். சட்டப்படி அமைந்த அரசின்மீது வெறுப்போ இகழ்ச்சியோ பற்றின்மையோ ஊட்டுவது குற்றம் என்றது அது. பற்றைச் சட்டம் போட்டு உண்டாக்க முடியாது என்று 1922இல் அகமதாபாத் நீதிமன்றத்தில் சொன்னார் காந்தி. ஆறாண்டுச் சிறை கிடைத்தது.

அன்றைய தமிழில் இதற்குப் பெயர் இராஜத்துரோகம். துரோகம் வடசொல், தீங்கிழைத்தல், நம்பியவரை வஞ்சித்தல் என்று பொருள். நல்ல தமிழில் இரண்டகம். ‘உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைக்காதே’ என்கிறோமே, அதுதான். உப்பைத் தின்றவன் செய்தால்தான் அது இரண்டகம். வெள்ளைக்காரன் வீட்டில் நாம் எப்போது உண்டோம்?

1908இல் திருநெல்வேலியில் நடந்ததைப் பாருங்கள். வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார். ஒன்று, பேசியதற்கு. மற்றொன்று, சுப்பிரமணிய சிவாவுக்குத் தங்க இடமும் சோறும் கொடுத்து உடந்தையாக இருந்ததற்கு. உண்டவன் செய்வது இரண்டகம் என்பது பழமொழி. உண்ணக் கொடுத்தவனையும் குற்றவாளி ஆக்கியது அந்தச் சட்டம். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது என்பது வேறு கதை.

பிறகு ராஜா போனார், பிரிவு போகவில்லை. இராஜத்துரோகத்தில் இருந்த ராஜாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தேசத்தை வைத்தோம். பழுது அங்கேதான். முதலமைச்சரைக் கேலி செய்தவரும் நாட்டையே காட்டிக்கொடுத்தவரும் ஒரே சொல்லுக்குள் வந்துவிட்டார்கள். ‘நாட்டிரண்டகம்’ என்று தனித்தமிழாக்கினாலும் பழுது அப்படியே இருக்கும். வடசொல் போகும், தவறு போகாது.

பிரிவின் வாசகத்துக்கு நேரான தமிழ் ‘அரசு வெறுப்பூட்டல்’ என்பேன். அழகான சொல் அல்லதான். ஆனால் தலைப்பில் போட்டுப் பாருங்கள். 2015 அக்டோபரில் மதுக்கடைகளை மூடச் சொல்லிப் பாடிய கோவன் திருச்சியில் கைதானார்: ‘அரசின்மீது வெறுப்பூட்டியதாகப் பாடகர் கைது’. கூடங்குளம் அணு உலையை எதிர்த்த இடிந்தகரை வட்டாரத்து மக்கள் ஆயிரக்கணக்கானோர்மீது இதே பிரிவு பாய்ந்தது: ‘அரசின்மீது வெறுப்பூட்டியதாக மீனவர்கள்மீது வழக்கு’. படிப்பவருக்கு உடனே ஒரு கேள்வி எழும்: வெறுத்தால் என்ன? வன்முறையையோ பொது ஒழுங்கின் சீர்குலைவையோ தூண்டினால்தான் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் கேதார்நாத் சிங் வழக்கில் 1962லேயே வரம்பு கட்டியிருந்தது. காவல் நிலையங்களில் அந்த வரம்பை யாரும் தேடியதாகத் தெரியவில்லை.

2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் பிரிவை நிறுத்திவைத்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் செடிஷன் என்ற சொல் இல்லை. 152ஆம் பிரிவு, நாட்டின் இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் ஒருமைப்பாட்டுக்கும் ஆபத்து விளைவிப்பதைக் குற்றமாக்குகிறது. ஆயுள் தண்டனை அல்லது மூன்றாண்டு வரை சிறை என்றிருந்தது, ஆயுள் தண்டனை அல்லது ஏழாண்டு வரை சிறை என்றாகிவிட்டது. ‘ராஜ்துரோகத்தை எடுத்துவிட்டு தேஷ்துரோகத்தைக் கொண்டுவருகிறோம்’ என்ற பொருளில் நாடாளுமன்றத்தில் பேசினார் உள்துறை அமைச்சர் அமித் ஷா. நம் நாளிதழ்கள் அதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டிருந்தன.