உரிமத் துப்பாக்கியும் வீட்டுத் திருப்புளியும்

வேலூர் மாவட்டத்திலும், 2019-இல் அதிலிருந்து பிரிந்த ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலும் துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்கள் பல வகையினர். பேரணாம்பட்டு, குடியாத்தம், ஆலங்காயம் பக்கங்களில் காட்டை ஒட்டி நிலக்கடலையும் கரும்பும் பயிரிடுகிற விவசாயிகள் ஒரு வகை. கம்மவான்பேட்டை போன்ற ஊர்களிலிருந்து ராணுவத்துக்குப் போய் ஓய்வுபெற்று, இப்போது வங்கிக் காவலர்களாக இருப்பவர்கள் இன்னொரு வகை. அப்பா, தாத்தா காலத்துத் துப்பாக்கியை முறைப்படி தன் பெயருக்கு மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. பழுதுபார்க்கும் உரிமம் பெற்ற பட்டறையில் நெடுங்காலமாக வேலை செய்பவன் என்ற முறையில் இவர்கள் எல்லாருக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டில் துப்பாக்கியைத் துடைக்கலாம், எண்ணெய் போடலாம், உற்றுப் பார்க்கலாம். ஆனால் இரும்பின் அளவை மாற்றுகிற எந்த வேலையையும் வீட்டிலோ தெருக்கோடி லேத்துப் பட்டறையிலோ செய்யக் கூடாது.

அண்மைக் காலமாகக் காணொளிகளைப் பார்த்துவிட்டு அரத்தையும் திருப்புளியையும் கையில் எடுக்கும் பழக்கம் வந்திருக்கிறது. அவற்றில் பல அமெரிக்காவில் எடுக்கப்பட்டவை. அந்நாட்டு மத்தியச் சட்டப்படி ஒருவர் தன் சொந்தத் துப்பாக்கியைத் தானே பழுதுபார்க்க உரிமம் தேவையில்லை. நம் நாட்டு நிலை முற்றிலும் வேறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, தயாரிப்பதையும் விற்பதையும் போலவே பழுதுபார்ப்பதற்கும் மாற்றியமைப்பதற்கும் சோதித்துப் பார்ப்பதற்கும் தனி உரிமம் வேண்டும் என்கிறது. கலெக்டர் அலுவலகம் உங்களுக்குக் கொடுத்திருப்பது துப்பாக்கியை வைத்துக்கொள்வதற்கான உரிமம்; அது பழுதுபார்ப்பதற்கு உதவாது. குழலை வெட்டிக் குறுக்குவதை 6-ஆம் பிரிவு தனியாகவே தடுக்கிறது. 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, 5-ஆம் பிரிவை மீறியவருக்குக் குறைந்தது 7 ஆண்டுச் சிறை. அது ஆயுள் வரைக்கும் போகலாம். "சின்ன வேலைதானே, நம் பையனே செய்துவிடுவான்" என்று சொல்பவர்கள் இதை அறிந்துகொண்டு சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை.

சட்டம் ஒரு புறம் இருக்க, துப்பாக்கியின் இரும்பே இதை அனுமதிக்காது. குதிரை (சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசை) கனமாக இருக்கிறது, இழுக்கச் சிரமமாக இருக்கிறது என்று சொல்லி அரம் போட்டவர்களின் துப்பாக்கிகள் எங்களிடம் வருகின்றன. குதிரைக்குள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும் இரண்டு சிறிய முனைகளின் மேற்பரப்பு மட்டுமே பெரும்பாலும் கடினப்படுத்தப்பட்டிருக்கும். அந்தக் கடினமான படலம் மிக மெல்லியது. அரம் அதை உரித்துவிட்டால் அடியில் இருப்பது மென்மையான இரும்பு. முதல் நாளில் குதிரை பட்டுப்போல் இறங்குவதைப் பார்த்து உரிமையாளர் மகிழ்கிறார். அந்த முனை நாளுக்கு நாள் தேய்ந்து, ஒரு கட்டத்தில் துப்பாக்கி சுவரில் சாய்த்து வைத்த இடத்திலிருந்து சரிந்து விழுந்தாலே வெடிக்கும் நிலைக்கு வந்துவிடும். அப்படிப்பட்ட பகுதியை மாற்றத்தான் முடியும், பழையபடி ஆக்க முடியாது.

நம் பக்கத்தில் ரைஃபிள் என்றால் பெரும்பாலும் .315 போர்தான்; போர் என்பது குழலின் உள் அளவு. .303 பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட அளவு என்பதால், அந்த .303 ராணுவ ரைஃபிளின் லீ-என்ஃபீல்டு அமைப்பிலேயே வேறு தோட்டாவுக்காக நம் நாட்டு அரசு ஆலைகள் செய்தது இது. இதன் போல்ட்டின் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் உருளையின்) தலை தனிப் பாகம். திருகினால் கழன்று வந்துவிடும். கழற்றுவது எளிது என்பதே இங்கே ஆபத்து. தோட்டாவின் அடிப்பகுதிக்கும் போல்ட் தலையின் முகத்துக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி மிகச் சிறியது, அந்தந்த ரைஃபிளுக்கென்று அளந்து பொருத்தப்பட்டது. நண்பரின் ரைஃபிளிலிருந்து போல்ட்டையோ அதன் தலையையோ வாங்கிப் போட்டால் கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியாது, போல்ட்டும் ஒழுங்காகவே பூட்டிக்கொள்ளும். ஆனால் இடைவெளி கூடியிருந்தால், சுடும்போது பித்தளைக் கூடு பின்னுக்கு இழுபட்டு அடிப்பகுதியில் அறுந்துவிடும். குழலுக்குள் முன்னோக்கிப் போக வேண்டிய அழுத்தம் சுடுபவரின் கண்ணை நோக்கித் திரும்பும். இதைக் கண்டறிவதற்கென்றே துல்லியமாகக் கடைந்த அளவுக் கட்டைகளைப் பட்டறையில் வைத்திருக்கிறோம். சுட்ட கூட்டின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே வெளிறிய வளையம் ஒன்று தெரிந்தால், அடுத்த தோட்டாவைப் போடாமல் ரைஃபிளைக் கொண்டுவந்துவிடுங்கள்.

திருப்புளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரணத் திருப்புளியின் நுனி ஆப்பு வடிவில் சரிந்திருக்கும். துப்பாக்கித் திருகின் வெட்டோ மிகக் குறுகியது, பக்கங்கள் செங்குத்தானவை. ஆப்பு நுனி அந்த வெட்டின் மேல் விளிம்பை மட்டுமே தொடும். அழுத்தித் திருப்பினால் வழுக்கி விளிம்பைச் சிதைத்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் நீல மெருகிலும் ஒரு கீறல் போட்டுவிடும். பட்டறையில் ஒவ்வொரு திருகுக்கும் ஏற்றபடி நுனியைச் சாணை பிடித்து வைத்திருப்போம். சித்திரை, வைகாசி வெயிலில் கட்டைப் பகுதியின் மரம் வற்றிச் சுருங்குவதால் திருகுகள் தளர்வது இந்த ஊரில் இயல்பு. தளர்ந்ததைக் கண்டால் சொல்லுங்கள், நீங்களே முறுக்காதீர்கள்.

துருவை எடுக்க உப்புத்தாள் போடுவது இன்னும் பெரிய தவறு. மெருகு போவது மட்டுமல்ல, பொறித்த எண்ணும் மங்கும். எண் அழிந்த துப்பாக்கி ஒருவர் கையில் இருந்தால், அவரே அதை அழித்தார் என்று ஆயுதச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு ஊகித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது.

துரு எங்கிருந்து வருகிறது என்பதற்கு நம் பக்கத்தில் ஒரு தனிக் காரணம் உண்டு. ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் தோல் தொழிலால் வாழும் ஊர்கள். அதனால் நல்ல தோலில் அழகாகத் தைத்த உறை வாங்குவது பலருக்கும் எளிது. துப்பாக்கியை அதற்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். பதனிடும்போது சேர்ந்த உப்பும் அமிலமும் தோலில் ஓரளவு தங்கியிருக்கும், காற்றின் ஈரத்தையும் அது இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து உறையைத் திறந்தால், தையல் போன வழியெங்கும் குழலில் புள்ளி புள்ளியாகத் துரு வரிசைகட்டி நிற்கும். அந்தப் புள்ளிகளைத் துடைத்தால் அடியில் குழி தெரியும். குழியை மூட வழியில்லை. உறை எடுத்துச் செல்வதற்கு மட்டுமே. வீட்டில் பூட்டிய இரும்பு அலமாரியில், மெல்லிய எண்ணெய் தடவிய பருத்தித் துணியைத் தளர்வாகப் போர்த்தி வையுங்கள். தொட்ட பிறகு விரல் வியர்வையைத் துடைக்காமல் வைக்காதீர்கள். தோட்டாக்களை வேறிடத்தில் பூட்டி வைப்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சுத்தம் செய்வது உங்கள் வேலை, அதை முழுமையாகச் செய்யுங்கள். துப்பாக்கி காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொண்டு, தோட்டாக்களை அந்த அறையை விட்டே வெளியேற்றிய பிறகுதான் தொடங்க வேண்டும். போல்ட் வைத்த ரைஃபிளில் கம்பியைப் பின்புறமிருந்து செலுத்துங்கள். முன்புறமிருந்து இரும்புக் கம்பியைப் போட்டால் குழல் வாயின் விளிம்பு தேயும். தோட்டா கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அதுதான் என்பதால், குறி தவறத் தொடங்கும். பழைய தோட்டாக்களின் மருந்திலும், வாய்வழியாகக் கெட்டிக்கிற ஒற்றைக் குழல் துப்பாக்கியின் கரிமருந்திலும் சுட்ட பின் உப்புகள் தங்கும். எண்ணெய் உப்பைக் கரைக்காது. முதலில் வெந்நீர், பிறகு நன்றாகக் காயவைத்தல், அதற்குப் பிறகே எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழி விடியலில், அதிலும் ஜவ்வாது மலையில், குளிர் அதைத் தாண்டிப் போகும். போல்ட்டுக்குள் உறைந்த எண்ணெய், தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசியின் வேகத்தைக் குறைப்பதால் தோட்டா வெடிக்காமல் போகலாம், அல்லது தாமதமாக வெடிக்கலாம். வெடிக்கவில்லையென்றால் உடனே போல்ட்டைத் திறக்காமல், குழலை ஆபத்தில்லாத திசையில் வைத்தபடி அரை நிமிடமாவது பொறுத்திருங்கள்.

பட்டறைக்கு வரும்போது துப்பாக்கி காலியாக, உறைக்குள் இருக்க வேண்டும். உரிமப் புத்தகத்தின் மூலமும் கூடவே வர வேண்டும். அதிலுள்ள எண்ணையும் துப்பாக்கியில் இருப்பதையும் ஒப்பிடாமல் நாங்கள் கைநீட்ட முடியாது. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கியைச் சரிசெய்யச் சொல்லி யாரும் வர வேண்டாம். அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பது ஒன்றுதான் வழி.

தேர்தல் நேரத்தில் ஒப்படைத்த துப்பாக்கியைத் திரும்பப் பெறும்போது மட்டும் கூடுதல் கவனம் தேவை. வாரக்கணக்கில் திறந்த வாயோடு நிற்கும் குழலுக்குள் குளவி மண்கூடு கட்டிவிடும். போல்ட்டைக் கழற்றி, இரட்டைக் குழலானால் மடக்கித் திறந்து, குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். மறுமுனை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். மண் இருந்தால் பித்தளைக் கம்பியால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். அசையவில்லையென்றால் அப்படியே பட்டறைக்கு எடுத்து வாருங்கள். ஒரு தோட்டாவைச் சுட்டால் அடைப்பு போய்விடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அடைப்பு இருந்த இடத்தில் குழல் புடைக்கும், அல்லது தாங்கிப் பிடித்திருக்கும் கையிலேயே வெடித்துப் பிளக்கும்.