கிடப்பில் இருந்த டிரான்ஸ்ஃபார்மர்: எண்ணெய் ரீடிங்கை மட்டும் நம்பாதீர்கள்

"ரெண்டு வருஷமா ஷெட்லயே இருக்கு சார், ஒரு தடவைகூட கரண்ட் கொடுக்கல, புதுசுதான்." மில்களிலும் தொழிற்பேட்டைகளிலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு. கரண்ட் கொடுக்காமல் வைத்திருந்ததுதான் கவலைக்குரியது. ஓடுகிற டிரான்ஸ்ஃபார்மரை ஈரத்திலிருந்து தன் சூடே ஓரளவு காப்பாற்றும். சும்மா இருப்பதற்கு அந்தச் சூடு கிடையாது. பகலில் எண்ணெய் விரிந்து காற்றை வெளியே தள்ளும், இரவில் சுருங்கி உள்ளே இழுக்கும். பிரீதரில், அதாவது டிரான்ஸ்ஃபார்மர் மூச்சு விடும் வழியில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் நீலம் போய் ரோஸ் நிறமாகியிருந்தால், ஐப்பசி மழைக்காற்றின் ஈரம் தடையில்லாமல் உள்ளே போகும்.

போன ஈரத்தில் பெரும்பகுதி எண்ணெயில் நிற்பதில்லை. வைண்டிங் என்னும் கம்பிச்சுருளைச் சுற்றியுள்ள காகிதமும் பிரஸ்போர்டு என்னும் கெட்டி அட்டையும் அதைக் குடித்துவிடுகின்றன. எண்ணெய் எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று பார்க்கும் பி.டி.வி. சோதனையில் 2.5 மி.மீ. இடைவெளிக்கு எண்ணெய் 60 கே.வி. தாங்கினால், எண்ணெய் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். காகிதம் காய்ந்ததா என்பதற்கு அது சாட்சி இல்லை. ஃபில்டர் செய்ததும் நல்ல ரீடிங் காட்டிய எண்ணெய் சில நாளில் மறுபடி இறங்குவதற்கும், காகிதம் ஈரத்தை மெல்ல விடுவதே காரணம்.

எனவே கரண்ட் கொடுக்கும் முன் உலர்த்துகிற வேலை, காகிதம் காயும்வரை முடியவில்லை. வேக்குவம் (காற்றை உறிஞ்சி எடுக்கும் வசதி) உள்ள ஃபில்டர் மெஷினில் எண்ணெயை 60 முதல் 65 டிகிரி வரை சூடாக்கிச் சுற்றவிட வேண்டும். ரேடியேட்டருக்கு வால்வு இருந்தால் மூடுங்கள், இல்லையென்றால் தார்ப்பாய் போட்டுச் சூட்டைக் காப்பாற்றுங்கள். மணிக்கொரு முறை மெகர் (இன்சுலேஷன் தடையை அளக்கும் கருவி) ரீடிங்கையும் எண்ணெயின் சூட்டையும் சேர்த்தே எழுதுங்கள். முதலில் ரீடிங் இறங்கும். சூடு 10 டிகிரி ஏறினாலே இன்சுலேஷன் மதிப்பு ஏறக்குறைய பாதியாகும், காகிதத்திலிருந்து கிளம்பும் ஈரமும் அதோடு சேரும். இதைப் பார்த்துப் பயந்து மெஷினை நிறுத்துகிறவர்கள் உண்டு. தொடர்ந்து ஓட்டினால், சூடு மாறாதபோதே ரீடிங் ஏறத் தொடங்கும். அப்போதும் நிறுத்தாதீர்கள். ஏறியது, அதே சூட்டில் பல மணி நேரம் அசையாமல் நின்றால்தான் உலர்ந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். மெஷின் வாடகை ஏறுகிறதே என்று அவசரப்படுத்துவார்கள். வைண்டிங் எரிந்தால் வரும் செலவுக்கு முன்னால் அந்த வாடகை ஒன்றுமே இல்லை.

டேங்க் வேக்குவத்தில் இருக்கும்போது மெகர் வைக்கவே கூடாது. குறைந்த அழுத்தத்தில் டெர்மினல்களுக்கு இடையே பொறி பாய்ந்து இன்சுலேஷன் கெடும்.

பெரிய பவர் டிரான்ஸ்ஃபார்மர்கள் எண்ணெய் இல்லாமல் உலர்ந்த நைட்ரஜன் நிரப்பி வரும். பிரஷர் கேஜ் பூஜ்யத்தில் நின்றால் எங்கோ கசிந்திருக்கிறது, ஈரமும் போயிருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். அதைவிட முக்கியம், உள்ளே இறங்கும் ஆளின் உயிர். நைட்ரஜனுக்கு வாசனையோ நிறமோ இல்லை, மூச்சு முட்டுவதுகூடத் தெரியாமல் மயங்கிவிடுவார்கள். உலர்காற்றால் நைட்ரஜனை முழுக்க வெளியேற்றி, ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையவில்லை என்று மீட்டரில் பார்க்காமல் யாரையும் இறங்க விடாதீர்கள். இறங்கிய பிறகும் வாயிலில் ஓர் ஆள் நிற்கட்டும், மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.