தெகார்த் எப்போது மத்வரானார்?

போன மாதம் மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு மொழிபெயர்ப்பில் 'தெகார்த்தின் துவைதம்' என்று 14 இடத்தில் இருந்தது. தெகார்த் 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தத்துவவாதி. முதல் இரண்டை அடித்துத் திருத்தினேன். மூன்றாவதில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். மேடையிலும் யூடியூபிலும் கேட்டுச் சலித்த சொல் இது.

மூலச் சொல் டூயலிசம். இலத்தீனில் 'டுவோ' என்றால் இரண்டு. 1700இல் ஆங்கில அறிஞர் தாமஸ் ஹைடு பழைய பாரசீகச் சமயத்தின் நன்மை, தீமை என்ற இரு முதல்களைப் பற்றிப் பேச இந்தச் சொல்லை எடுத்தார். அதை மனம், உடல் பக்கம் கொண்டுவந்தவர் ஜெர்மன் தத்துவவாதி கிறிஸ்டியன் வோல்ஃப். தெகார்த் 1650இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். சிந்திக்கும் பொருள் ஒன்று, இடத்தை அடைத்துக்கொள்ளும் பொருள் இன்னொன்று, இரண்டும் வேறுவேறு என்பதுதான் அவர் சொன்னது.

சரி, துவைதம் ஏன் ஆகாது? இரண்டைக் குறிக்கும் வடமொழித் 'துவி'யும் இலத்தீன் 'டுவோ'வும் உறவுக்காரச் சொற்கள்தாம், அதனால்தான் கை தானாக அங்கே போகிறது. ஆனால் துவைதம் 13ஆம் நூற்றாண்டு மத்வரின் தத்துவத்துக்குப் பெயராக நிலைத்துவிட்டது. அதில் முதல் பேச்சே இறைவனும் சீவனும் வேறு என்பது. "அவர் சொன்ன ஐந்து பேதங்களில் சீவனும் சடமும் (அறிவற்ற பொருளும்) வேறு என்பதும் உண்டே?" என்று கேட்பார்கள். உண்டு. ஆனால் மனத்தை எங்கே வைப்பீர்கள்? சாங்கியத் தத்துவத்தில் மனம் பிரகிருதி என்னும் சட மூலத்திலிருந்து வந்தது. சைவ சித்தாந்தத்தில் மனம், புத்தி, அகங்காரம், சித்தம் நான்கும் அந்தக்கரணங்கள் (உட்கருவிகள்), மாயையின் காரியம், அதாவது சடம். தெகார்த் கிழித்த கோட்டில் மனம் ஒரு பக்கம் என்றால், நம்மவர் கிழித்த கோட்டில் அது உடம்போடு சேர்ந்து மறுபக்கம் நிற்கிறது.

இதோடு நின்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். டூயலிசம் துவைதம் ஆனதும், உள்ளது ஒன்றே என்னும் மோனிசம் சங்கரரின் அத்வைதம் ஆகிவிடுகிறது. அந்தப் பிரதியில், இருக்கும் பொருள் ஒன்றே என்ற தத்துவவாதி ஸ்பினோசா அத்வைதி. அந்தக் கணக்கில், உள்ளதெல்லாம் சடப்பொருளே என்ற ஹாப்ஸும் அத்வைதிதான்! சங்கரரை ஹாப்ஸின் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு வாசகருக்குப் புரியும் என்று எப்படி நம்புகிறார்கள்? புரியாதது ஒரு குறை. தப்பாகப் புரிவது அதைவிடப் பெரிய குறை.

வடசொல் என்பதற்காக நான் சண்டை போடவில்லை. நான் பரிந்துரைக்கும் 'இருமைவாதம்' என்பதில் வாதமே வடசொல்தான். வேண்டாதவர்கள் 'இருமைக் கொள்கை' என்று எழுதிக்கொள்ளட்டும். பழைய நூல்களில் இருமை என்றால் இம்மையும் மறுமையும் என்ற சிக்கல் உண்டு, ஆனால் இன்று அப்படிப் படிப்பவர் குறைவு. 'இருபொருள் வாதம்' கருத்துக்கு இன்னும் நெருக்கம், ஆனால் காதில் சிலேடை என்று விழுகிறது. ஆகவே 'மன-உடல் இருமைவாதம்' போதும்.

இன்னொன்று. 1643இல் பொகீமிய இளவரசி எலிசபெத், இடமே அடைக்காத ஒன்று உடம்பை எப்படி அசைக்கும் என்று தெகார்த்துக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். இந்த இடம் வந்ததும் நம் ஆட்கள் 'உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் ஆவதுபோல' என்று இலக்கணத்தைத் துணைக்கு அழைப்பார்கள். அழகான உவமைதான். ஆனால் அங்கே இருப்பது உயிர், எலிசபெத் கேட்டது சிந்தனையை மட்டுமே இயல்பாகக் கொண்ட ஒன்றைப் பற்றி. உயிர், ஆன்மா, மனம், உள்ளம் நான்கையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டினால் அவர் கேள்வியே காணாமல் போய்விடும்.

மொழிபெயர்ப்பாளரை அழைத்துச் சொன்னேன். "வாசகருக்குப் பழகின சொல் வேண்டாமா சார்?" என்றார். நேற்று அடுத்த இயல் வந்தது. மனமும் உடலும் சந்திக்கும் இடம் என்று தெகார்த் காட்டிய, மூளைக்குள் இருக்கும் பீனியல் சுரப்பி அதில் 'நெற்றிக்கண்' ஆகியிருக்கிறது.