மணல் எங்கே போனது?

கடல் அரித்த கரையில் கிணற்று உறை ஒன்று தனியாக நின்றால் கொஞ்சம் நின்று பாருங்கள். அதன் வாய் ஒருகாலத்தில் தரைமட்டத்தை ஒட்டி இருந்திருக்கும். இன்று இடுப்பளவுக்கு வெளியே தெரிகிறது என்றால், அவ்வளவு மணல் போய்விட்டது என்று அர்த்தம். பக்கத்தில் செங்குத்தாக அறுபட்ட மணல் மேட்டில் ராவணன் மீசைப் புல்லின் வேர்கள் தொங்கும். அதற்கு நடுவே செங்கல் துண்டு, ஓடு, அறுந்த வலை. கீழே கரையில் கருப்பும் செம்பழுப்புமாகக் கோடுகள் ஓடும். அது அழுக்கு இல்லை. அலை லேசான வெள்ளை மணலை முதலில் அள்ளிப் போய்விடும். இல்மனைட், கார்னெட் என்ற கனமான தாதுக்கள் தங்கிவிடும். அண்மையில் அரிப்பு நடந்திருப்பதற்கு அது நல்ல தடயம்.

சரி, போன மணல் எங்கே? புதுச்சேரியில் இதற்கு விடை கண்ணெதிரே இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் அலை தெற்கிலிருந்து சாய்வாக வருகிறது. மணலைச் சாய்வாகவே மேலே ஏற்றுகிறது. நீர் திரும்பும்போது நேராக இறங்குகிறது. இப்படி ஒவ்வொரு அலைக்கும் மணல் கொஞ்சம் வடக்கே நகர்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று வந்தால் திசை மாறும், ஆனால் அது சில மாதங்கள்தான். கூட்டிக் கழித்தால் ஆண்டுக்குப் பல லட்சம் கனமீட்டர் மணல் வடக்கே போக வேண்டும்.

1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புகள் கட்டப்பட்டன. மணல் அவற்றுக்குத் தெற்கே தேங்கியது. வடக்கே அலை மட்டும் வந்தது, மணல் வரவில்லை. தேங்கும் மணலை எடுத்து வடக்கே கொட்ட வேண்டும் என்பது திட்டத்திலேயே இருந்தது. அது தொடர்ந்து நடக்கவில்லை. நகரத்தைக் காக்கக் கருங்கல் கொட்டினார்கள். கல் தனக்குப் பின்னால் இருக்கும் நிலத்தைக் காக்கும், மணலைக் கொண்டுவராது. அரிப்பு வடக்கே நகர்ந்து, புதுச்சேரி எல்லை தாண்டி தமிழ்நாட்டின் பொம்மையார்பாளையம் வரை குப்பங்களைத் தின்றது. வீடு இழந்தவர்களிடம் கடல் சீற்றம் என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமே இல்லை.

சென்னைத் துறைமுகம் வந்தபோதும் இதே கதைதான்: மெரினா அகலமானது, ராயபுரம் பக்கம் கரை தேய்ந்தது.

2018 வாக்கில் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் புதுச்சேரிக் கடலுக்குள் ஆப்பு வடிவ எஃகுத் திட்டை இறக்கியது. அது அலையின் வேகத்தைக் குறைக்க, காந்தி சிலைப் பக்கம் மணல் திரும்பச் சேர்ந்தது. ஆனால் அந்தத் திட்டு மணலைப் பிடித்துவைக்கும், உண்டாக்காது. வடக்கே உள்ள குப்பங்களுக்குக் கரை வேண்டுமென்றால், துறைமுகத்தில் தேங்கும் மணலை ஆண்டுதோறும் அள்ளிக் கொடுத்தாக வேண்டும்.